கீழேயிருந்து எண்ணினால்

வேணாம் தம்பி, மேல வைக்க வேணாம். மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல, எக்ஸ்ரே கவர்தான். மடங்கிடக் கூடாது, அவ்வளவுதான். நீங்க ஜன்னல் பக்கம் தள்ளி உக்காந்துக்கங்க. எனக்கு இந்த ஓரந்தான் வசதி. எந்திரிக்கிறப்ப இடுப்பத் திருப்பாம எந்திரிக்கணும்னு சொல்லியிருக்காங்க.

முதுகுத்தண்டுல ஆபரேஷன். ஒம்பது வாரம் ஆச்சு. பாத்தா தெரியாது, அதான் எனக்கு வந்த கஷ்டமே. சட்டையத் தூக்கிக் காட்டினா நாலு தழும்பு, ஒவ்வொண்ணும் கட்டைவிரல் நகத்தளவு. எங்கக்கா பாத்துட்டு, இதுக்காடா மூணு மாசம் லீவுன்னு கேட்டா. உள்ள நாலு ஸ்க்ரூ இருக்கு, ரெண்டு கம்பி இருக்கு, தேஞ்சுபோன ஜவ்வ எடுத்துட்டு அந்த எடத்துல சின்னதா ஒரு கூண்டு வச்சிருக்கு. ரெண்டு எலும்பும் சேந்து ஒரே எலும்பா ஒட்டணும். அதுக்கு ஆறு மாசம், சில பேருக்கு ஒரு வருஷம். வெளிய காயம் சின்னதா இருக்கறதால உள்ள நடந்ததும் சின்னதுன்னு நெனச்சுக்கிறாங்க. போன வாரம் எதுத்த வீட்டுக்காரர் வந்து, கேஸ் சிலிண்டர மாடிக்குத் தூக்க ஒரு கை குடுங்கன்னாரு. என்னத்தச் சொல்ல.

இதெல்லாம் டாக்டர் சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டது இல்ல. இருபத்திரெண்டு வருஷமா அந்த ரூமுக்குள்ளதான் நிக்கிறேன். சவுந்தரபாண்டின்னு பேரு, சி-ஆர்ம் டெக்னீஷியன். மதுரையில ஒரு ஆஸ்பத்திரி, பேரு எதுக்கு. சி-ஆர்ம்னா அரைவட்டமா வளைஞ்ச ஒரு மிஷின், ஆபரேஷன் நடக்கறப்பவே எக்ஸ்ரே எடுத்து டிவியில காட்டும். சார்னா எங்க பெரிய டாக்டர், அவரு ‘ஷாட்’னு சொன்னா நான் பெடல மிதிக்கணும். படம் வரும். ‘ஓகேவா’ம்பாரு. ‘ஓகே சார்’ம்பேன். முடிஞ்சுச்சு. மத்தபடி அந்த ரூமுக்குள்ள எனக்கு வாயே கெடையாது.

எக்ஸ்ரே மேல படாம இருக்க ஈயச் சட்டை ஒண்ணு போடணும். ஏழு கிலோ. ஒரு நாளைக்கு நாலு கேஸ்னா எட்டு மணி நேரம் அது தோள்ல தொங்கும். அடுத்தவங்க முதுக நிமுத்துறதப் பாத்துக்கிட்டே நின்னு என் முதுகு போச்சு. சிரிச்சா சிரிச்சுக்கங்க. நானே சிரிச்சாச்சு.

சார் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அத மொதல்லயே சொல்லிடுறேன். நல்ல கைக்காரரு. நான் வேலைக்குச் சேந்த புதுசுல முதுக ஒரு சாண் நீளத்துக்குத் திறப்பாங்க. சதைய ரெண்டு பக்கமும் உரிச்சு, கொறடு போட்டு விலக்கி, ரத்தம் ரெண்டு பாட்டில் ஏத்தி. ஆளு எந்திரிச்சு உக்காரவே பத்து நாளாகும். இப்ப பாத்தீங்கன்னா, விரல் தடிமன்ல ஒரு குழாய எறக்கி அதுக்குள்ளயே எல்லாத்தையும் முடிச்சுடுறாரு. ஆரம்பத்துல சின்னக் கேசுக்குத்தான் இப்படிச் செஞ்சாங்க. இப்ப எழுபத்தஞ்சு வயசுக்காரங்களுக்கு, சக்கர வியாதி உள்ளவங்களுக்கு, கூன் விழுந்த முதுகுக்கு, ஏற்கெனவே ஒரு தடவ ஆபரேஷன் பண்ணித் தோத்துப்போன முதுகுக்குக்கூட இந்த ஓட்டை வழியாத்தான். மறுநாள் காலையில நடக்க விட்டுடுறாங்க. எனக்கும் அப்படித்தான். மறுநாள் காப்பியக் குடிச்சுட்டு நானே பாத்ரூம் போனேன்.

ஆனா ஒண்ணு இருக்கு. திறந்து செய்யறப்ப டாக்டர் உள்ள கைய விட்டு எலும்பத் தொட்டுப் பாத்துக்குவாரு. இதுல தொட முடியாது. பூராம் டிவியப் பாத்துத்தான். டிவியில என்ன தெரியுதோ அதுதான் முதுகு. அந்த டிவிக்கு நாந்தான் ஆளு.

என் கோவம் யாரு மேலன்னா, அந்த நிலோபர் பிள்ள மேல. நிலோபர் நிஷான்னு, போன வருஷம் சேந்த புது டெக்னீஷியன். இருபத்திநாலு வயசு இருக்கும். நான் லீவுல போறப்ப எனக்குப் பதிலா அவதான் மிஷினப் பாக்கணும். அப்ப எனக்கே ஆபரேஷன்னா யாரு பெடல மிதிப்பா, அவதான. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அம்மா, சார் ஷாட்னா மிதி. ஓகேவான்னா ஓகே சார்னு சொல்லு. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் பேசாதன்னு. தலைய நல்லா ஆட்டுனா.

என்ன செஞ்சா தெரியுமா? நான் மயக்கத்துல குப்புறக் கெடக்கேன். எனக்கு எங்க தெரியும், ஸ்டெல்லா சிஸ்டர் பின்னாடி சொன்னதுதான். சார் ஊசியக் குத்தி எடத்த அடையாளம் பண்ணிட்டு ஓகேவான்னு கேட்டிருக்காரு. இவ, ‘இல்ல சார், இன்னும் எண்ணல’ன்னு சொல்லியிருக்கா. என்னத்த எண்ணலன்னு கேட்டிருக்காரு. கீழயிருந்து எண்ணியாச்சு சார், மேலயிருந்தும் ஒரு தடவ எண்ணிட்டுச் சொல்றேங்குறா. எண்ணணும்னா மிஷின விலா எலும்பு வரைக்கும் நகத்தணும். மேசைக் கால் இடிக்கும். மேல போத்துன சுத்தமான துணியப் பூராம் மாத்தணும். இருபத்தஞ்சு நிமிஷம். மயக்க டாக்டர் ஒரு பக்கம் மொனகுறாரு, சார் கைய மடக்கிக்கிட்டுச் சுவரப் பாத்து நிக்கிறாரு. ‘நீ டாக்டரா, நான் டாக்டரா’ன்னு கேட்டாராம். இவ அதுக்கும் பதில் சொல்லாம எண்ணியிருக்கா.

எண்ணினா என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. இடுப்புல அஞ்சு எலும்பு இருக்கணும், அஞ்சுதான் இருந்துச்சு. சார் ஊசி குத்துன எடந்தான் சரி. எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம், சொல்லுங்க. ஒரு மனுசன் குப்புறக் கெடக்கேன், அம்பத்திரெண்டு வயசு, பிரஷர் வேற இருக்கு. இருபத்தஞ்சு நிமிஷம் வெட்டியா.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் போன் போட்டுக் கேட்டேன். சார் அவ்வளவு பேருக்கு முன்னாடி திட்டுனாரே, அழுதியாம்மான்னு. ‘இல்ல சார், வீட்டுக்குப் போயி சாப்ட்டுத் தூங்கிட்டேன்’னா. அவ்வளவுதான். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்துட்டாளாம். சாரும் வழக்கம்போல ஷாட்னு சொல்லியிருக்காரு. ஒண்ணுமே நடக்கல. சாப்ட்டுத் தூங்கிட்டாளாம். அன்னைக்கு ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரல.

அதே வார்த்தைய நான் வாங்கியிருக்கேன் தம்பி. பதினேழு வருஷம் முன்னாடி. ஸ்க்ரூ கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு சார்னு வாயத் திறந்துட்டேன். நீ டாக்டரா நான் டாக்டரான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மூஞ்சி பூராம் மூடியிருந்தாலும் கண்ண வச்சுத் தெரியும்ல சிரிக்கிறது. நான் மூணு நாள் சரியாச் சாப்பிடல. எம் பொண்டாட்டி கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போனா. அன்னையில இருந்து ஓகே சார்தான். வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க. நான் பெடல் மிதிக்கிறவன்.

எங்க வந்திருக்கோம், திருமங்கலம் தாண்டியாச்சா? சரி.

எண்ணுறதுன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லிடுறேன், ஒண்ணும் பெரிய வித்தையில்ல. இடுப்புல விலா எலும்பு ஒட்டாத எலும்பு அஞ்சு இருக்கும். மேலயிருந்து கீழ, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஸ்கேன் ரிப்போர்ட்ல நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல ஜவ்வு கெட்டுப் போச்சுன்னு எழுதியிருந்தா, எங்களுக்கு மேல வரைக்கும் போக வேண்டியதில்ல. கீழயிருந்து எண்ணினாப் போதும், கடைசி எலும்பும் அதுக்கு மேல உள்ளதும். வேல சுருக்கா முடியும். நூத்துல தொண்ணூறு பேருக்கு இது சரியா வந்துரும். அபூர்வமா சில பேருக்குப் பொறப்புலயே ஆறு இருக்கும். அவங்களுக்கு அது ஒரு தொந்தரவும் பண்ணாது. ஆனா அப்ப நாலாவதும் அஞ்சாவதும் கீழயிருந்து ரெண்டாவதும் மூணாவதும் ஆயிருதுல்ல. கீழயிருந்தே எண்ணிப் போனா ஒரு படி தப்பிரும்.

இருளாயின்னு ஒரு அம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி, ஆடி மாசம். முப்பத்தாறு வயசு. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவங்க. நூத்தம்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற அண்டாவத் தூக்கித் தூக்கி எறக்குன முதுகு. கல்யாணமாகிப் பதிமூணு வருஷம் கழிச்சு ஒரு பொம்பளப்பிள்ள பொறந்திருக்கு, அதுக்கு அப்ப மூணு வயசு. தியேட்டருக்குள்ள கூட்டிட்டு வந்து மேசையில உக்கார வச்சப்ப அந்தம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், எத்தன நாள் கழிச்சுண்ணே பிள்ளையத் தூக்கலாம்னு. நான் மூணு மாசம்னேன். விரல் விட்டு எண்ணிப் பாத்து, அப்ப ஐப்பசியான்னாங்க.

மிஷின எடத்துக்குக் கொண்டாந்து நிறுத்துறப்ப ஒரு தடவ கீழயும் மேலயும் ஓட்டிப் பாப்பேன். பழக்கம் அது. அப்படி ஓட்டுனப்ப, ஆறு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

இருந்த மாதிரின்னுதான் சொல்ல முடியும். ஒரு செகண்டு. படம் சரியா நிக்கல. வயித்துல உள்ள வாயுக்காத்து வேற மறைச்சிருந்துச்சு. ஆறா, இல்ல கடைசி விலா எலும்பு குட்டையா இருக்கான்னு நிச்சயம் இல்ல. சார் ரிப்போர்ட்டப் படிச்சிருப்பாரு, அவருக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன். அன்னைக்கு அஞ்சு கேஸ் வேற. ரிப்போர்ட்ல நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுலன்னுதான் இருந்துச்சு. சார் ஊசியக் குத்தினாரு. கீழயிருந்து ஒண்ணு, ரெண்டு. ஓகேவான்னாரு.

ஓகே சார்னு சொன்னேன்.

படம் அவ்வளவு அழகா வந்துச்சு தம்பி. நாலு ஸ்க்ரூவும் அளவெடுத்து வச்ச மாதிரி. சென்னையில டாக்டருங்க கூட்டத்துல சார் அந்தப் படத்தப் போட்டுக் காட்டினாரு. படம் எடுத்தது யாருன்னு கேட்டாங்களாம், எங்க சவுந்தரபாண்டின்னு சொன்னாராம். அவரு அப்படிச் சொன்னது எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

ஆறு வாரத்துல அந்தம்மா வந்தாங்க. கால் வலி அப்படியே இருக்குன்னாங்க. நரம்பு பழசா அமுங்கிக் கெடந்தது, மெதுவாத்தான் சரியாகும்னு சொல்லி மாத்திரை எழுதினாங்க. அது சாதாரணமாச் சொல்றதுதான். மூணு மாசம் கழிச்சும் வந்தாங்க. அதே பேச்சு. ஒரு வருஷம் கழிச்சு வந்தப்ப வலது கால இழுத்து இழுத்து நடந்தாங்க. பள்ளிக்கூடத்துல வேற ஆளப் போட்டுட்டாங்களாம். வீட்டுக்காரரு சென்ட்ரிங் வேலைக்குப் போறவரு, நீதான் சொன்ன பேச்சு கேக்காம எதையாச்சும் தூக்கியிருப்பன்னு நித்தமும் ஏசுறாராம்.

எக்ஸ்ரே எடுக்க எங்கிட்டத்தான் அனுப்பினாங்க. டாக்டர் கேட்டது ரெண்டு படம். நான் மூணு எடுத்தேன். மூணாவது படத்துல விலா எலும்புல இருந்து இடுப்பு வரைக்கும் நீளமா. யாரும் கேக்கல, நானா எடுத்தேன். பகல் வெளிச்சத்துல ஜன்னல்ல வச்சு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறு. மேலயிருந்து எண்ணினேன், கீழயிருந்து எண்ணினேன். ஸ்க்ரூ போட்டிருக்கிற எடம் நல்ல எடம். கெட்டுப்போன எடம் அதுக்கு மேல அப்படியே இருக்கு, யாரும் தொடாம.

அந்தம்மா சட்டைப் பொத்தானப் போட்டுக்கிட்டே, ஸ்க்ரூவெல்லாம் சரியா இருக்காண்ணேன்னு கேட்டாங்க. நல்லா உக்காந்திருக்கும்மான்னு சொன்னேன். அது பொய்யில்ல. நல்லாத்தான் உக்காந்திருந்துச்சு.

அப்பறம் கதவச் சாத்திட்டு, கிட்ட வந்து, ‘அண்ணே, நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டச் சொல்றேன்’னாங்க. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது மாசம் பிள்ள வாசப்படியில தவறி விழுந்துருச்சாம். நெத்தியில ரத்தம். அந்தம்மா ஓடிப்போயித் தூக்கிருச்சு. ஒரே ஒரு தடவ. ‘அதனாலயாண்ணே எனக்கு இப்படி ஆச்சு?’ன்னு கேட்டாங்க.

நான் என்ன சொல்லியிருக்கணும்?

வெளிய வரிசையில பத்துப் பேரு நிக்கிறாங்க. கையில அந்த மூணாவது படம் இருக்கு. ‘அதனாலதான் இருக்கும்மா’ன்னு சொல்லிட்டேன்.

அந்தம்மா அழல. சரிண்ணேன்னு தலைய ஆட்டிட்டுப் போயிருச்சு. என்னமோ நான் ஒரு பெரிய சந்தேகத்தத் தீத்து வச்ச மாதிரி. அதுக்கப்பறம் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்ல. அவங்க ஊர்க்காரர் ஒருத்தர் கைமுறிவுக்கு வந்தப்ப விசாரிச்சேன். இருக்காங்க, அப்படியேதான் இருக்காங்கன்னாரு. அந்தம்மா பிள்ளையத் தூக்கவே மாட்டேங்குதாம், பிள்ள வந்து மேல விழுந்தாக்கூட தள்ளி விட்டுருதாம். பிள்ளைக்கு இப்ப அஞ்சு வயசு. இனிமே யாரு அதத் தூக்கப் போறா.

நான் ஒண்ணு கேக்குறேன். சாருக்குத் தெரியாம நடந்தது இது. ரிப்போர்ட் எழுதுனவரு மேலயிருந்து எண்ணினாரு, சார் கீழயிருந்து எண்ணினாரு, ரெண்டும் அவங்கவங்க வேல. நடுவுல பெடல் மிதிச்சவன் என்ன செய்ய முடியும்? இப்ப போயிச் சொன்னா கேஸ் ஆகும். சார் பேரு கெடும். என் வேல போகும், இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருக்கு. அந்த மனுசன்தான் என் முதுக நிமுத்தி விட்டிருக்காரு, எனக்குன்னு ஞாயித்துக்கெழம வந்து செஞ்சாரு. நன்றின்னு ஒண்ணு இருக்குல்ல. இதெல்லாம் யோசிக்கணுமா வேணாமா.

ஆனா சரி பண்ணலாம் தம்பி. அது எனக்குத் தெரியும். முன்னயெல்லாம் முடியாது, இப்ப அதே சின்ன ஓட்டை வழியா உள்ள போயி, கம்பிய நீட்டி, மேல உள்ள எடத்தையும் சேத்துக் கட்டிடலாம். போன மாசங்கூட ஒரு பெரியவருக்கு அப்படிச் செஞ்சாங்கன்னு நிலோபர் சொன்னா. நாளாக நாளாகத்தான் நரம்பு செத்துப் போகும். ரெண்டு வருஷம்ங்கிறது இன்னும் கைமீறிப் போகல. அடுத்த வருஷம்னா எனக்குச் சொல்லத் தெரியல.

அந்த நிலோபர் பிள்ளைக்கு ஆனது என்ன, பாருங்க. இருபத்தஞ்சு நிமிஷம், ஒரு திட்டு. சாப்ட்டுத் தூங்கிட்டா. அவ்வளவுதான் விலைன்னு தெரிஞ்சிருந்தா... விடுங்க. அதத்தான் சொல்றேன், அவ மேல எனக்குக் கோவம்னு. தேவையில்லாத வேல பாத்துட்டுப் போயிட்டா, அன்னையில இருந்து எனக்கு நிம்மதி இல்ல.

இந்தக் கவர்ல உள்ளதா? ஆமா. அந்த மூணாவது படந்தான்.

அக்கா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல. ஓய்வுக்குத்தான் போறேன். டிக்கெட்டும் அதுக்குத்தான் எடுத்திருக்கேன், பாருங்க. பஸ்ல ரொம்ப தூரம் போகக் கூடாதுன்னுதான் டாக்டர் சொல்லியிருக்காரு, இருந்தாலும் இந்த மாசத்துல இது மூணாவது தடவ. அக்காவே கேக்குறா, என்னடா சும்மா சும்மா வர்ற, வந்தா வாயத் திறக்க மாட்டேங்குறன்னு. கல்லுப்பட்டி தாண்டுனா புளியங்கொளம் விலக்குன்னு ஒண்ணு வரும். அங்கயிருந்து உள்ள நடந்தா அரை கிலோமீட்டர், இருளாயி வீடு. நம்ம வண்டி எக்ஸ்பிரஸ். விலக்குல நிக்காது. நான் என்ன செய்ய முடியும், நிக்காத வண்டியில. போன ரெண்டு தடவையும் நிக்கல.

நிக்கிற வண்டியில ஏறலாம்தான். அது ரொம்ப நேரமாகும், முதுகு தாங்காது.

அந்தா, தண்ணித்தொட்டி ஒண்ணு தெரியுதா, நீலக்கலரு. அதுக்குப் பக்கத்துல பிரியுது பாருங்க, அந்த ரோடுதான். பரவாயில்ல, போகட்டும். அடுத்த தடவ... எதுக்குத் தம்பி எந்திரிக்கிறீங்க? வேணாம், கண்டக்டரக் கூப்பிடாதீங்க. நான் சும்மாதான் சொன்னேன். தம்பி, உக்காருங்க. எதுக்கு இப்படிச் சத்தம் போடுறீங்க, பூராப் பேரும் திரும்பிப் பாக்குறாங்க. விசில் வேற அடிச்சுட்டாரு. உங்களுக்கு எதுக்கு இந்த வேல? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கே வாய் ஜாஸ்தி.

இருங்க கண்டக்டரண்ணே, ஏசாதீங்க. எறங்குறேன். ஆபரேஷன் பண்ண முதுகு, மெதுவாத்தான் வரும். இந்தக் கவரக் கொஞ்சம் பிடிங்க, எந்திரிச்சதும் குடுங்க தம்பி. மடக்காம.

வீட்டுக்குள்ள நொழஞ்சதும் அஞ்சு, ஆறுன்னு ஆரம்பிக்கக் கூடாது. படத்தக் காட்டுறதெல்லாம் அப்பறம். பிள்ளையத் தூக்குனதால வந்தது இல்லம்மா அதுன்னு மொதல்ல சொல்லிரணும்.